மார்கழிக்கு முன்னால் பொங்கிய பால்

பெட்டி கட்டுவதில் வான்மதியை மிஞ்ச ஆளில்லை. தாராபுரத்திலிருந்து அமெரிக்கா வந்த நாள் முதல் வாடகை வீடுதான். நியூ ஜெர்சி மாநிலத்தின் ஐசலினில் கொஞ்ச காலம், பிறகு ஜெர்சி சிட்டியில் வீடு மாற்றி வீடு. மிக்சி வந்த அட்டைப்பெட்டியை அவள் எறிந்ததே இல்லை. எப்படியும் அதற்குள்ளேயே அது திரும்பப் போகவேண்டியதுதானே! சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. முருகன்கூட ஃப்ரிட்ஜின் மேல் சாய்ந்தபடிதான் காலம் தள்ளினார்.

அவளுக்கு ஒரு வங்கியில் மென்பொருளைச் சோதிக்கும் ஒப்பந்த வேலை. மற்றவர்கள் 'முடிந்தது' என்று கைகழுவிய பிறகு, எங்கே உடையும் என்று தேடவேண்டும். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வரும். கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவாள். கணவன் ஜெயபிரகாஷுக்கு டெக்சாஸில், காப்பெல் பக்கம் வேலை. விடுமுறை கிடைத்தால் வருவான். ஏழாவது படிக்கும் மகள் தென்றலும் அவளும்தான் இங்கே.

இந்த வருஷம் ஒரு வீடு அமைந்தது. ஜர்னல் ஸ்கொயரிலிருந்து நடக்கும் தூரம், வான் ரேப்பன் தெரு, நான்காம் மாடி, கிழக்குப் பார்த்த அடுக்களை. எத்தனையோ தலைமுறைக்கு முன் டச்சுக்காரர்கள் குடியேறிய பகுதி. இப்போது அவர்கள் தெருப்பெயர்களில் மட்டும் குடியிருக்கிறார்கள்.

"வான்னு ஆரம்பிக்குதா? உனக்குன்னே பேரு வெச்ச தெருதான் அம்மிணி," என்றான் தாராபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன் திருமூர்த்தி. ஆனால் பத்திரப்பதிவு மார்கழி முதல் நாளில் வந்து நின்றதும் அவன் குரல் மாறிவிட்டது. "மார்கழியில பால் காய்ச்சற வீடு எங்கிருக்குது? தை வரைக்கும் பொறு."

எப்படிப் பொறுப்பது? வாடகை வீட்டை மாதக் கடைசியில் காலி செய்தாக வேண்டும். அங்கே வேறு ஆள் வருவது முடிவாகிவிட்டது. வாங்கும் வீட்டுக்கோ இன்னொருவர் வாசலில் காத்திருந்தார். "ஏதாவது இழுத்தடிச்சீங்கன்னா விக்கிறவர் அந்தப் பக்கம் சாஞ்சிடுவார் மேடம்," என்று வீட்டுத் தரகர் ஸ்ரீநிவாசன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

யோசித்து யோசித்து வான்மதி ஒரு வழி கண்டுபிடித்தாள். பதிவுக்கு முன் வாங்குகிறவர் வீட்டைக் கடைசியாக ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம்; குழாய் வருகிறதா, அடுப்பு எரிகிறதா என்று போட்டுப் பார்க்கலாம். அந்த நாளைக் கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்துக்கு மாற்றச் சொன்னாள்.

"முகூர்த்தம் உங்க ஊரு மணியா, எங்க ஊரு மணியாண்ணா?"

"சூரியன் உங்கூர்ல எப்ப எந்திரிக்குதோ, அதுதான் மணி."

அன்று காலை தென்றலின் பள்ளிப் பையில் புதுப் பாத்திரமும் பாலும் ஏறின.

"மாம், இது இன்னும் நம்ம ஹவுஸ் இல்ல."

"அடுப்பு எரியுதான்னு டெஸ்ட் பண்றோம். அதுல பால் இருந்தா என்ன, தண்ணி இருந்தா என்ன?"

ஸ்ரீநிவாசன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நான் எதையும் பாக்கல மேடம்."

பால் நுரைத்து எழுந்து கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. கைபேசியில் அண்ணன் கைகூப்பினான். வழிந்த பால் தீயில் கருகி, புகை திரண்டு கூரையைத் தொட்டது. தென்றல் காதைப் பொத்திக்கொண்டாள்.

சத்தமே வரவில்லை.

கூரையில் புகை அலாரம் இருந்தது. வான்மதி அதையே பார்த்தாள். அடுக்களை மேடையில் ஏறி அதன் பொத்தானை அழுத்தினாள். ஊமை. வெளியே போய், எல்லா வீட்டுக்கும் பொதுவான நடைவழியில் இருந்ததையும் தென்றலை விட்டுக் குடைக்காம்பால் அழுத்தச் சொன்னாள். அதுவும் ஊமை.

"மேடம், விடுங்க," என்றார் ஸ்ரீநிவாசன் தாழ்ந்த குரலில். "பதிவு முடியட்டும், நீங்களே ஆள வெச்சு சரி பண்ணிக்கலாம். இப்ப வாயத் தொறந்தா சிட்டி இன்ஸ்பெக்ஷன் மறுபடி மொதல்லேர்ந்து. வீடு கைய விட்டுப் போயிடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. வான்மதி பாத்திரத்தைக் கழுவினாள். கிளம்பும்போது எதிர்வீட்டு வாசலில் மடித்து வைத்த குழந்தை வண்டி கண்ணில் பட்டது. லிஃப்ட் வந்தது. அவள் ஏறவில்லை.

"அலாரம் அடிக்கலைன்னு என் லாயருக்கு நானே மெயில் போட்டுர்றேன்," என்றாள்.

"உங்கள மாதிரி வீடு வாங்க இன்னொருத்தர் வந்தா நான் கடைய சாத்திடுவேன் மேடம்."

அதற்குப் பிறகு வந்த நாட்களை அவள் எப்படிக் கடத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. பெட்டிகள் எல்லாம் கட்டியாகிவிட்டது. எங்கே போகின்றன என்றுதான் தெரியவில்லை. சாம்பாரில் உப்பு போட மறந்தாள், இன்னொரு நாள் இரண்டு தடவை போட்டாள். ரயிலில் மெயிலைத் திறந்து திறந்து பார்த்து, இறங்கும் நிலையத்தைத் தாண்டிப் போனாள். "ஊமை மாதிரி இருந்திருந்தா இந்நேரம் வீட்டுக்குள்ள இருப்பீங்க," என்று ஸ்ரீநிவாசன் குத்தினார். காப்பெல்லிலிருந்து ஜெயபிரகாஷ், "சரி விடு, இன்னொரு வருஷம் வாடகை," என்றான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

கடைசியில் லாயரிடமிருந்து பதில் வந்தது. நடைவழிக்குப் பெயின்ட் அடித்தபோது வீட்டுக்கும் சேர்த்துப் போகும் அலாரம் வயரைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லையாம். காத்திருந்த அந்த இன்னொருவருக்கு விற்றாலும் அலாரம் சரியாக இருக்கிறது என்று நகராட்சிச் சான்றிதழ் வேண்டும், அவருக்கு வங்கிக் கடனே இன்னும் கைக்கு வரவில்லை. ஆகவே விற்பவர் இவளிடமே நின்றார். ஆய்வு முடிந்ததும் அன்றைக்கே பதிவு.

மார்கழிக் குளிரில் ஆய்வாளர் வந்தார். திருமூர்த்தி அழைப்பில் இருந்தான், இன்னமும் தை மாதத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு.

"பால் கார்த்திகையிலயே பொங்கிருச்சுண்ணா. இனி சாமான் தூக்கற வேலைதான். அதுக்கு எந்த மாசமானா என்ன?"

அவன் பதில் சொல்வதற்குள் ஆய்வாளர் பொத்தானை அழுத்தினார். வீடு, நடைவழி, எல்லாம் சேர்ந்து அலறின. எதிர்வீட்டுக் குழந்தையும் கூடவே அலறியது.

"என்ன அம்மிணி அது சத்தம்?"

"கெட்டிமேளம்னு வெச்சுக்கங்கண்ணா!"

இரண்டு நாள் கழித்து, சுவரில் முதல் ஆணி இறங்கி முருகன் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு, தென்றல் காலி மிக்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குப்பையில் போடப் புறப்பட்டாள்.

"கேன் ஐ?"

வான்மதி பெட்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

"இரு கண்ணு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."