தாலி கட்டும்போது நான் நின்ற இடம்

பெரியவளின் கல்யாண ஆல்பத்தில் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள். தாலி கட்டும் படம் ஒன்றுகூட இல்லை. அந்த நொடியைத் தவறவிட்ட போட்டோக்காரர், "மறுபடி ஒருதரம் கட்டுற மாதிரி பிடிங்க சார்" என்று மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டார். கட்டிய தாலியை வைத்து நடிப்பதா என்று என் மனைவி மேடையிலேயே கத்தினாள். பெரியவள் அழுதுகொண்டே அக்கினியைச் சுற்றினாள். அந்த அழுத முகம் மட்டும் பதினேழு படங்களில் இருக்கிறது.

அதனால்தான் சின்னவளின் கல்யாணத்துக்குப் போட்டோக்காரரை நானே பார்ப்பேன் என்றேன். சின்னவளும் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே வந்தாள். எல்லோரிடமும் எனக்கு ஒரே கேள்விதான்: தாலி கட்டும் நொடி தவறிவிட்டால் என்ன செய்வீர்கள்?

தாம்பரத்தில் ஒருவர், "மூணு கேமரா சார், மிஸ்ஸே ஆகாது" என்றார். நான் கேட்டது அதுவல்ல. குரோம்பேட்டையில் இன்னொருவர், "திரும்ப ஒருவாட்டி கட்டச் சொன்னா போச்சு" என்று சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். இப்படி ஆறு பேர். கல்யாணமோ பெரிய முகூர்த்த நாளில். இருபத்து மூன்று நாள்தான் மிச்சம்.

ஏழாவதாகக் கீழ்க்கட்டளைக்கு ஆட்டோவில் போகும்போது சின்னவள் சொன்னாள்: "அப்பா, அன்னைக்கு ஃப்ரீயா இருக்கிறது இவங்க ஒருத்தங்கதான். இவங்களையும் விரட்டிட்டீங்கன்னா அப்புறம் மாமா செல்லுலதான் என் கல்யாணம்."

பதினெட்டுப் படி ஏறினால் சின்ன ஸ்டுடியோ. முப்பது வயதிருக்கும் ஒரு பெண் நடத்துகிறாள். பெரியவள் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லிக் கேள்வியைக் கேட்டேன்.

"விட்டா விட்டதுதான் சார். திரும்பக் கட்டச் சொல்ல மாட்டேன். ஒருவாட்டி அப்படி ஆச்சு. நானே போய் அந்த வீட்டுல சொன்னேன், திட்டும் வாங்கினேன்."

சின்னவள் துப்பட்டா நுனியை முறுக்கியபடி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழவில்லை.

"உங்க வீட்டுல எதனால சார் விட்டுச்சு?" என்றாள் அந்தப் பெண்.

"அந்த ஆளுக்குக் கவனம் போதாதும்மா."

சின்னவள் தன் போனை மேசைமேல் வைத்தாள். ஆல்பத்தில் சேர்க்காமல் விட்ட ஒரு படம். அவளிடம் அது இருப்பது எனக்குத் தெரியாது. படம் முழுக்க வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முதுகு, மேலே என் வழுக்கை. ஓரத்தில் பெரியவளின் மாலையிலிருந்து இரண்டு பூ.

மூன்று முடிச்சும் சரியாக விழுகிறதா என்று எண்ணத்தான் அன்று குனிந்தேன். மூன்றும் விழுந்தன. ஆறு வருஷமாக அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அக்காதான்ப்பா ஆல்பத்துல போட வேணாம்னா."

அந்தப் பெண் டைரியைத் திறந்தாள். பேனாவை மட்டும் எடுக்கவில்லை. "வரேன் சார். ஆனா கெட்டிமேளம் ஆரம்பிச்சா நீங்க உட்கார்ந்துடணும். முடியுமா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அப்போ முடிச்சை யார் எண்ணுறது?"

"கழுத்தை நீட்டுறவ நான். எனக்குத் தெரியாதாப்பா?" என்றாள் சின்னவள்.

"சரி, உட்கார்ந்துடறேன்" என்றேன். அந்தப் பெண் தேதியை எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்: "எந்த நாற்காலின்னு முன்னாடியே காட்டிடுவியாம்மா?"