மூன்று முறை கூப்பிட்ட பிறகு

"எவ்வளவு நேரம் அப்படி இருந்தா?" என்று மருத்துவர் கேட்டார். அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஒரு நிமிடம் இருக்கலாம், மூன்று நிமிடமும் இருக்கலாம். என் நான்கு வயது மகள் தரையில் கிடந்தாள். நான் பால் டம்ளரோடு எதிரே நின்றுகொண்டு, அவள் நடிக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நேரத்தை எங்கிருந்து எண்ணுவது?

எந்தத் தாயாவது அப்படி நினைப்பாளா என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பள்ளிபாளையத்தில் இருக்கிறோம். கணவர், மாமியார், மகள், நான், இவர்களோடு என் கணவரின் தாத்தா. வீட்டில் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அப்பாரு. நானும் என் மகளும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம். தொண்ணூறை நெருங்குகிறார். கூடத்துச் சன்னலோரம் அவர் கட்டில். நாடகத்திலும் சினிமாவிலும் நடித்தவர் என்று என்னைப் பெண் பார்க்க வந்தபோதே பெருமையாகச் சொன்னார்கள். என்ன வேடம் என்று மட்டும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அவருடைய வேலையே சாவதுதான் என்று.

ஜலகண்டாபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். எட்டு வயதில் பையன்களை வைத்து நாடகம் போடும் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். முதலில் பெண் வேடம். குரல் உடைந்ததும் பாட்டு போயிற்று. அம்பு பட்டுச் சாகும் தளபதி, விஷம் குடிக்கும் மந்திரி என்று கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கும் பயிற்சி உண்டு. கண்ணைத் திறந்தபடி படுக்க வைத்து, வாத்தியார் முகத்துக்கு நேரே துண்டை விசிறுவாராம். இமை அசைந்தால் பிரம்படி. நெஞ்சு ஏறி இறங்கக் கூடாது, அடிவயிற்றில் மூச்சு விட வேண்டும். கைவிரல்கள் விரிந்து, தளர்ந்து கிடக்க வேண்டும்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. மேடையில் செத்தவன் உள்ளே வந்ததும் யாரும் அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி ஒருவர் மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது முறை அவன் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். வேடத்தின் பெயரும் ஆகாது, செல்லப் பெயரும் ஆகாது. அதன் பிறகுதான் தண்ணீர், அரிதாரம் கலைப்பது எல்லாம்.

பிறகு சேலத்தில் சினிமா. கதாநாயகனுக்கு அண்ணனாகவோ நாயகிக்கு அப்பாவாகவோ வந்து, கதை சூடுபிடிப்பதற்குள் செத்துப்போவார். எத்தனை படம் என்று அவருக்கே நினைவில்லை. முதல் படத்தை டூரிங் கொட்டகையில் பார்த்த அவருடைய அம்மா, மகன் திரையில் சரிந்ததும் எழுந்து வீட்டுக்கு ஓடிவிட்டார். இவர் ஊருக்கு வந்து நேரில் நின்று, அம்மா மூன்று முறை கூப்பிட்டு, இவர் "இருக்கேன்" என்று சொல்லும்வரை வீட்டில் அடுப்பு எரியவில்லையாம். அதிலிருந்து ஒவ்வொரு படம் வெளிவந்ததும் ஊருக்குப் போய் அம்மா முன்னால் நிற்பது அவருக்குக் கட்டாயமாயிற்று. படங்கள் குறைந்ததும் இங்கே ஒரு லாரி ஆபீசில் புக்கிங் கிளார்க்காகச் சேர்ந்தார். அதோடு நடிப்பு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

என் மகள் பேச ஆரம்பித்ததும் அது திரும்ப வந்தது. கட்டிலில் சாய்ந்தபடியே அப்பாரு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாவார். அவள் அவர் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவாள். "இருக்கேன்" என்பார். அவள் கட்டிலைச் சுற்றிக் குதிப்பாள். பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். கொஞ்ச நாளில் அவளும் சாகக் கற்றுக்கொண்டாள்.

நான் அதை முதல்முறை பார்த்த அன்று சமையலறையிலிருந்து வந்தேன். கட்டிலருகே மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது, அசைவில்லை. "சாமி, கண்ணு, தங்கம்" என்று உலுக்கினேன். பேச்சில்லை. வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். வாசலில் மாமியார் கீரை வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்புள்ள, எங்க ஓடற?"

"அத்தை, பாப்பா பேச மாட்டேங்குறா!"

உள்ளேயிருந்து அப்பாரு குரல் வந்தது. "அம்முணி, பேரச் சொல்லிக் கூப்புடு! சாமி, கண்ணுன்னா எப்படி எந்திரிக்கும்?"

நாங்கள் வைத்து, பள்ளியில் எழுதிக்கொடுத்த பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டேன். என் காதுக்குள் "இருக்கேன்" என்று சிரித்தாள். கீரை விற்கிற அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "படிச்ச புள்ளைங்க நீங்க, இந்தக் குட்டிகிட்டப் போயி ஏமாந்துட்டீங்களே!" சாயங்காலம் வந்த கணவர், "செருப்பாவது போட்டுட்டு ஓடியிருக்கலாமல்ல?" என்றார். இனிமேல் இப்படி ஓடி மானத்தை வாங்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். என்னை இன்றும் நடுங்க வைப்பது அந்த முடிவுதான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையிலிருந்தே அவளுக்கு உடம்பு சுட்டது. காய்ச்சல் மருந்து கொடுத்தேன். பத்து மணிக்கா, பத்தரைக்கா? அதுவும் இப்போது உறுதியாகத் தெரியவில்லை. மத்தியானம் மின்சாரம் போய், பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் நின்றது. அந்த அமைதியில் அவள் விழும் சத்தம் கேட்டது. பாலோடு வந்தேன். மல்லாந்து கிடந்தாள், கண் மேலே நிலைத்திருந்தது.

"ஆரம்பிச்சுட்டியா?" என்றேன். பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டேன். இரண்டாவது முறை கூப்பிடும்போது சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவது முறையும் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. அப்போதும் விளையாட்டை நீட்டுகிறாள் என்றே நின்றேன்.

தூக்கத்திலிருந்து விழித்த அப்பாரு கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். "அம்முணி, அது நடிப்பில்ல! கையப் பாரு! கட்டைவிரலு உள்ள மடங்கியிருக்குது! செத்தவங் கை அப்படி இருக்காது, தூக்கு புள்ளைய!"

அப்போதுதான் பார்த்தேன். கை இறுக மூடியிருந்தது. பல் கிட்டியிருந்தது. மாமியார் ஓடிவந்து சாவிக் கொத்தை அந்தக் கைக்குள் திணித்தார். பால் எங்கே கொட்டியது, பக்கத்து வீட்டு ஆட்டோவை யார் கூப்பிட்டார்கள், எதுவும் நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவள் அழுதது மட்டும் நினைவிருக்கிறது.

காய்ச்சலால் வந்த வலிப்பு என்றார் மருத்துவர். பெரும்பாலும் ஐந்தாறு வயதுக்குள் நின்றுவிடும், அதுவரை காய்ச்சல் வந்தால் மறுபடி வரலாம் என்றார். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், சாவியெல்லாம் கொடுக்கக் கூடாது, முதலில் மணியைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் எதற்கும் காத்திருக்கக் கூடாது. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ரெண்டு நிமிஷம் இருக்குங்க" என்றேன். எழுதிக்கொண்டார். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. கணவரிடமும் சொல்லவில்லை.

வீடு திரும்பியதும் அப்பாரு என்னிடம், "எல்லாம் என்ற தப்புதான், அம்முணி. இனிமே நாஞ் சாக மாட்டேன்" என்றார். சொன்னபடி நிறுத்திவிட்டார். மகள்தான் நிறுத்தவில்லை. "அப்பாரு, நாஞ் செத்துட்டேன், கூப்புடுங்க" என்று கட்டிலடியில் படுப்பாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். யாரும் கூப்பிடாததால், அவள் இப்போது நாங்கள் பார்க்காத இடத்தில் போய்ச் சாகிறாள். போன வாரம் பீரோவுக்குப் பின்னால் கிடந்தாள். நான் முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டைவிரலைப் பார்த்தேன். விரிந்திருந்தது.

முந்தாநாள் மத்தியானம் அப்பாரு வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மகள் தலைமாட்டில் நின்று அவர் பெயரை மூன்று முறை சொன்னாள். அவர் அசையவில்லை.

"அம்மா, அப்பாரு எந்திரிக்கல. நீ கூப்புடு."

அந்தப் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்த மருமகள் சொல்லவும் மாட்டாள். நாக்கு எழவில்லை. அவர் கைகளைப் பார்த்தேன். விரல்கள் விரிந்து, தளர்ந்து கிடந்தன. செத்தவர் கையும் அப்படித்தான் இருக்கும். சிறிது நேரம் கழித்து இருமினார். கண்ணைத் திறக்காமலே, "இருக்கேஞ் சாமி" என்றார். மகள் கைதட்டினாள்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். இந்த விளையாட்டைக் கண்டித்து நிறுத்தினால் அவள் ஒளிந்துகொண்டு செய்கிறாள். அனுமதித்தால், உண்மையாக விழும் நாளில் நான் மறுபடி நின்று மூன்று முறை கூப்பிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வித்தியாசம் தெரிந்த ஒரே மனிதர் அப்பாருதான். அவரும் ஒருநாள் கூப்பிட்டும் எழாமல் கிடப்பார், அன்று அவள் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பாள். அவரைத் திரும்ப விளையாடச் சொல்லி, எது நடிப்பு, எது இல்லை என்று அவரிடமே நான் கற்றுக்கொள்ளவா? இல்லை, அவர் கட்டிலை வேறு அறைக்கு மாற்றிவிடவா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். அவளுக்கு மறுபடி காய்ச்சல் வருவதற்குள் எழுதினால் நல்லது.