கழுத்தில் ஓட்டையோடு ஓர் ஆடு

என் அக்காவின் கணவரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சைரன் என்றுதான் சொல்வார்கள். அவருக்கு ஆட்டிறைச்சிக் கடை. கடை தெருவின் ஒரு முனையில், என் வீடு மறுமுனையில். "மாப்ள, தூங்கினது போதும், எழுந்திரு!" என்று அவர் கடையிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் என்னோடு சேர்ந்து நாலு வீட்டு மாப்பிள்ளைகளும் எழுந்துவிடுவார்கள். மற்றவர்களுக்கெல்லாம் கத்தினால் தொண்டை கிழியும். இந்த மனிதருக்குக் கேட்பவர்களின் காதுதான் கிழியும் என்று நான் கேலி செய்வேன்.

நான் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளன். ஜாடிகளைத் துடைப்பது, பார்மலின் மாற்றுவது, மாணவர்கள் அறுக்க வேண்டியதை மேசையில் எடுத்து வைப்பது, இவைதான் வேலை. ஆட்டின் குரல்வளையும் மூச்சுக்குழலும் வேண்டுமென்றால் மாமா கடைக்குப் போவேன். மற்ற கடைக்காரர்கள் பாதியில் அறுந்ததைத்தான் தருவார்கள். மாமா நாக்கின் அடியிலிருந்து நுரையீரல் வரை எங்கும் கிழியாமல் கழற்றி, கழுவிப் பையில் போட்டுத் தருவார்.

அவர் குரல் கம்ம ஆரம்பித்தபோது யாரும் கவலைப்படவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்றார்கள். சைரன் ரிப்பேர் என்று தெருவே சிரித்தது. "கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கிட்டு இருங்க, ஊருக்கே நல்லது" என்று அக்கா வெந்நீரும் தேனும் கொடுத்தாள். பல மாதம் இப்படியே போனது. எச்சில் விழுங்கினால் காதுக்குள் குத்துகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். ஒரு துணுக்கைக் கிள்ளியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். குரல் நாணில் புற்றுநோய். எங்களை எதிரே உட்கார வைத்து, ஒரு பிளாஸ்டிக் தொண்டையைக் கையில் எடுத்துப் பொறுமையாக விளக்கினார்.

"குரல்வளையை முழுசா எடுத்துடுவோம். மூச்சுக்குழலோட மேல் முனையைக் கழுத்துல கொண்டுவந்து தைச்சிடுவோம். இங்க ஒரு துளை இருக்கும், இனிமே மூச்சு அது வழியாத்தான். சாப்பாடு எப்பவும் போல வாய் வழியா. பேச்சை மட்டும் வேற விதமா பழகிக்கணும். இப்ப செஞ்சா நல்லா பிழைச்சுக்கலாம்."

மாமா அந்தப் பிளாஸ்டிக்கை வாங்கி, குருத்தெலும்பு வளையங்களைக் கட்டைவிரலால் தடவினார். "ஆட்டோடது மாதிரியே இருக்கே."

டாக்டர் முகம் மலர்ந்தது. சொன்னதைப் புரிந்துகொண்ட நோயாளி கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. "உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன? நீங்க ஆட்டுக்குக் கத்தி வைக்கற அதே இடம்தான்!"

நல்ல மனிதர். அந்த ஒரு வார்த்தையைத் தவிர எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா ஆபரேஷன் வேண்டாம் என்றார். குரல் போய்விடுமே என்று மனிதர் உடைந்து போயிருக்கிறார் என்று அக்கா நினைத்தாள். "பேச்சு போனா போகட்டுங்க. நீங்க இருந்தா போதும். திட்டணும்னா கையைக் காட்டித் திட்டுங்க" என்று கெஞ்சினாள். அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார். ஒருநாள் கடையைச் சாத்தும்போது, வெட்டுக் கட்டையைச் சுரண்டிக்கொண்டே என்னிடம் வாய் திறந்தார்.

"மாப்ள, நான் திறந்த மூச்சுக்குழல் ஒண்ணு கூட பிழைச்சதில்ல. அறுத்த உடனே ஆட்டுக்குச் சத்தம் நின்னுடும். மூச்சு நிக்காது. அந்த ஓட்டை வழியா புஸ்ஸு புஸ்ஸுன்னு வரும், போகும். அப்புறம் நின்னுடும். நிக்காத ஆட்ட நான் பாத்ததே இல்ல."

"ஆடு சாகறது ரத்தம் போறதால மாமா. கழுத்து ரத்தக்குழாயும் சேர்ந்து அறுபடுது. மூச்சுக்குழல் ஓட்டையால இல்ல."

"நீ ஜாடிக்குள்ள இருக்கறதப் பாத்தவன். நான் துடிக்கறதப் பாத்தவன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த விலங்கியல் முழுவதையும் அவர் தலையில் கொட்டினேன். பறவைக்குக் குரல் கழுத்தில் இல்லை, நெஞ்சுக்குள், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் பிறக்கிறது என்றேன். இரை வாயை அடைத்திருக்கும்போது பாம்பு தன் மூச்சுக்குழலின் வாயை வெளியே நீட்டி மூச்சு விடும் என்றேன். தவளை தோலாலேயே மூச்சு விடும் என்றேன். மூச்சுக்கு வழி எதுவானாலும் உயிருக்கு ஒன்றுதான் என்று புரிய வைக்கப் பார்த்தேன்.

"நான் என்ன பாம்பா, தவளையா?" என்றார் கரகரத்த குரலில். "கழுத்துல ஓட்டையோட புல்லு மேயற ஒரே ஒரு ஆட்டைக் காட்டு. நாளைக்கே வந்து படுத்துக்கறேன்."

அப்படி ஓர் ஆட்டுக்கு நான் எங்கே போவேன்? அவர் கடையிலிருந்தே ஒரு நுரையீரலை மூச்சுக்குழலோடு வாங்கி வந்தேன். சமையலறை மேடையில் தட்டில் வைத்துக் குரல்வளையை அறுத்தெறிந்துவிட்டு, மிச்சக் குழலில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி ஊதினேன். "அடுப்புக்குப் பக்கத்துல என்னடா இது கண்றாவி!" என்று அக்கா கத்தினாள். சுருங்கிக் கிடந்தது இளஞ்சிவப்பாக உப்பி, தட்டு கொள்ளாமல் எழுந்தது. வாயை எடுத்ததும் மெல்ல அடங்கியது. மறுபடி ஊதினேன், மறுபடி எழுந்தது.

மாமா கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தார். "நீ ஊதற வரைக்கும் ஊதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

இதற்குள் அவர் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. கழுத்தின் பக்கவாட்டில் ஒரு கட்டி தலைகாட்டியது. அக்கா தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸிடம் அழுதிருக்கிறாள். நர்ஸ் ஓர் ஆளை அனுப்பி வைத்தார்.

அந்த ஆள் ஓய்வுபெற்ற தபால்காரர். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தார். டார்ச் லைட் போன்ற ஒரு கருவியைத் தாடைக்கு அடியில் வைத்து அழுத்தினார். ஏற்ற இறக்கம் இல்லாத குரல், மோட்டார் ஓடுவதுபோல வந்தது.

"அரைக் கிலோ. எலும்பு கம்மியா போடுங்க."

மாமாவின் கத்தி அந்தரத்தில் நின்றது. தபால்காரர் துணியை விலக்கினார். மாமாவின் கையைப் பிடித்து இழுத்துத் துளைக்கு எதிரே வைத்தார். மூச்சு சூடாக வந்தது, போனது, வந்தது. மாமா கையை எடுக்கவே இல்லை. நின்றுவிடும் என்று காத்திருந்தார் போல. கறி வாங்க வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"இதோட எவ்ளோ காலமா இருக்கீங்க?"

"ஆபரேஷன் ஆனப்ப பேத்தி கைக்குழந்தை. இப்ப காலேஜ் போறா."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கறியை நிறுக்காமலே அள்ளிப் போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் அக்காவிடம், "நாளைக்குப் போலாம்" என்றார். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம். மறுநாள் அவர் கத்திகளை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

டாக்டர் அந்தக் கட்டியைத் தொட்டதும் முகம் மாறிவிட்டது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முடிவு வந்த பிறகு மாமாவைக் கட்டிலில் விட்டுவிட்டு எங்கள் இருவரையும் வெளியே அழைத்தார். நோய் கழுத்தின் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டுவிட்டது. நுரையீரலுக்கும் போய்விட்டது.

"இனிமே குரல்வளையை எடுத்துப் பிரயோஜனம் இல்லம்மா. ஆனா மூச்சு அடைச்சுக்கிட்டே வருது. அதுக்காக மட்டும் கழுத்துல துளை போட்டு ஒரு குழாய் வைக்கிறோம். சில வாரம் மூச்சுத் திணறாம இருப்பார்."

"அவர்கிட்ட சொல்லாதீங்க சார்" என்றாள் அக்கா. "இப்பத்தான் தைரியம் வந்து வந்திருக்காரு."

"அவர் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

மாமா கேட்கவில்லை. கழுத்தில் துளை போடப் போகிறோம் என்று டாக்டர் சொன்னபோது, தெரியும் என்பதுபோலத் தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது வார்டு பாயைப் பார்த்து, "பாத்து வெட்டச் சொல்லு தம்பி, நல்ல சரக்கு" என்றார். குரலோடு அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கண் விழித்தபோது நாங்கள் இருவரும் பக்கத்தில் இருந்தோம். கழுத்துக் குழாயில் காற்று வந்து போய்க்கொண்டிருந்தது. அவர் கூரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தான் சாகவில்லை என்பது அவருக்கு மெல்ல உறைத்தது. சத்தமே இல்லாமல் சிரித்தார். தோள்கள் மட்டும் குலுங்கின. அப்புறம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தார்.

எடுத்துட்டாங்களா?

"எடுத்துட்டாங்க" என்றாள் அக்கா.

முழுசாவா?

"முழுசா எடுத்துட்டாங்க. இனிமே ஒண்ணும் பயமில்லீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். இந்த விஷயத்தில் அவருக்கு என் வார்த்தைதான் வேண்டியிருந்தது. நான் தலையாட்டினேன். அவர் உதடு மறுபடி அசைந்தது. எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, பொறுமையாக இன்னொரு தடவை அசைத்தார்.

கடையை எப்ப திறக்கலாம்?

"அடுத்த மாசம் மாமா" என்றேன்.

அவர் விரல்களை மடக்கி நாள் கணக்குப் போட ஆரம்பித்தார்.