கிணற்றில் விழுந்த காப்பு

கயிற்றில் கட்டிய காந்தத்தைக் கிணற்றுக்குள் இறக்கினால், அடியில் எங்காவது இரும்பைக் கண்ட கணத்தில் மெல்லிய அதிர்வு ஒன்று கயிறு வழியே ஏறி உள்ளங்கைக்கு வரும். காதுக்கு எதுவும் கேட்காது, கைக்குத்தான் தெரியும்.

அறுபதுகளில் அந்தக் காந்தத்தை நாவற்குடாவிலிருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அண்ணன். டவுனில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் வேலை பழகிக்கொண்டிருந்தவன், பழுதாகிப்போன ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து அதைக் கழற்றியிருந்தான். உள்ளங்கையளவு கறுப்பு வட்டம். பார்த்தால் தெரியாத பாரம். ஒரு கிழமையாக வீட்டிலிருந்த உலோகம் ஒன்றையும் அவன் விட்டுவைக்கவில்லை. ஆணியும் கத்தியும் அலுமாரியைப் பூட்டித் திறக்கும் 'திறப்பு'களும் தாவிவந்து ஒட்டிக்கொள்ள, பித்தளைச் செம்பும் அலுமினியச் சட்டியும் பக்கத்து வீட்டு வலையின் ஈயக் குண்டுகளும் அசையாமல் கிடந்தன. கடைசியாக அம்மாவின் காதுத் தோட்டருகே அதைப் பிடித்துக் காட்டி, காந்தம் பொன்னை ஒருநாளும் பிடிக்காது என்று எங்களுக்கெல்லாம் பாடம் நடத்தினான். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, படித்துக்கொண்டிருந்த பத்திரிகையைத் தாழ்த்தி, "பொன் ஆருக்கும் வளையும், ஆரோடயும் ஒட்டாது" என்றார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அப்படி எங்களோடு வந்திருந்தவர் அக்காவின் கணவர், எங்கள் அத்தான். கிரான் பக்கத்தில் தாய்தகப்பனில்லாமல் வளர்ந்து, கூட்டுறவுச் சங்கக்கடையொன்றில் சாமான் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்தபந்தமில்லாத மாப்பிள்ளை என்ற குறை அப்பாவின் மனதில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் அத்தானோடு முகம் பார்த்துப் பேசமாட்டார். கலியாணம் முடிந்து வந்த முதல் நத்தாருக்கு, யேசு பிறந்த நாளன்று, அத்தான் பொன்னில் ஒரு சோடிக் 'காப்பு' வாங்கிவந்து அக்காவின் கையில் போட்டார். அம்மா அதை அயலெல்லாம் காட்டித் திரிந்தார். அன்று மத்தியானம் அப்பா தன் கையாலேயே இறைச்சியை அள்ளி அத்தானின் சோற்றுக் கோப்பையில் வைத்ததும், அத்தான் தலையைக் குனிந்தபடி அதைச் சாப்பிட்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த மாரியில் அக்காவுக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. எழும்பி நடமாடத் தொடங்கியபோது கைகள் ஈர்க்குப் போல மெலிந்திருந்தன. தண்ணீர் அள்ளும்போது ஒரு காப்பு கழன்று கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. மழையில் கிணறு மேல்வரை நிரம்பிக் கலங்கிக் கிடந்தது. அத்தான் கண் சிவக்கச் சிவக்க முக்குளித்துத் தேடியும் அகப்படவில்லை. அம்மா அழுதார். "போனது போகட்டும், விடுங்க" என்று அக்கா சொன்னதற்கு, பொன்னின் அருமை தெரியாதவள் என்று அவளுக்கு ஏச்சு விழுந்தது. காந்தத்தை இறக்கிப் பார்க்கச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன். பொன்னைப் பிடிக்காத சாமானை இறக்கி என்ன செய்வது என்று சிரித்தான்.

மழை ஓய்ந்து நீர் கொஞ்சம் இறங்கிய பிறகு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், குனிந்து வாளியைத் தூக்கிய அம்மாவின் இடுப்பிலிருந்து திறப்புக் கோர்வை கிணற்றுக்குள் விழுந்தது. இது இரும்பு என்பதால் அண்ணன் உற்சாகமாகக் காந்தத்தை இறக்கினான். மேலே இழுத்தபோது ஒரு பக்கம் திறப்புகள் தொங்கின. மறுபக்கத்தில் அக்காவின் காப்பு.

அம்மா சந்தோசத்தில் எல்லோரையும் கூப்பிட்டார். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவசரமாகக் காப்பைப் பிடுங்கிப் பொத்திக்கொள்ளப் பார்த்தான். ஈரக் கையிலிருந்து வழுகிய அது எங்கள் கண்முன்னாலேயே திரும்பக் காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதற்குள் அப்பா பக்கத்தில் வந்துவிட்டார். முலாம் உரிந்த இடமெல்லாம் துரு கபில நிறமாகப் பூத்திருந்தது.

அத்தான் தேத்தண்ணிக் கோப்பையோடு கிணற்றின் மறுகரையில் நின்றார்.

"மருமகன், இத எங்க வாங்கினீங்க?" என்று அப்பா கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

அத்தான் கோப்பையைக் கிணற்றுக்கட்டில் வைத்தார். அக்கா கிணற்றைச் சுற்றிப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"எனக்குத் தெரியும் அப்பா. போட்ட அண்டைக்கே தெரியும். பொன் எண்டா கையில பாரம் தெரியுமே. ரெண்டையும் தட்டினா சத்தமும் வேற."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்துதான் எங்கள ஏமாத்தியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போனார்.

பிறகு சண்டை ஒன்றும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன். அத்தான் எல்லோரும் சாப்பிட்டு எழும்பியபிறகே சாப்பிடத் தொடங்கினார். வெயில் ஏறுமுன் ஒருநாள், தகர றங்குப்பெட்டி ஒன்றோடு இருவரும் கிரானுக்கு பஸ் ஏறினார்கள். தனக்கென்று எழுதிய வீட்டைப் பெண்பிள்ளை விட்டுப்போவது எங்கள் ஊர் அதுவரை காணாதது. அக்கா தெரியாது என்று சொல்லியிருந்தால் கோபம் அந்த மனுசனோடு மட்டும் போயிருக்கும் என்று அம்மா கடைசிவரை புலம்பினார். அண்ணன் காந்தத்தை என்ன செய்தானோ, அதற்குப் பிறகு நான் அதைக் காணவில்லை. அப்பா ஒருநாளும் கிரானுக்குப் போகவில்லை. அப்பாவின் சாவுக்கு வந்த அத்தான் வேலிக்கு வெளியே நின்றார். அக்கா போய்க் கையைப் பிடித்துத்தான் உள்ளே கூட்டிவந்தாள்.

இப்போது அந்த வீடு வேறு யாருடையதோ. கிணற்றைத் தூர்த்து அதன்மேல் மதில் கட்டியிருக்கிறார்கள். அப்பா, அம்மா, அண்ணன் எல்லோரும் போய்விட்டார்கள், அத்தானும் போய்விட்டார். போன வருடம் கிரானுக்குப் போயிருந்தபோது, இத்தனை காலமும் கேட்காமலிருந்ததை அக்காவிடம் கேட்டேன். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்றேன்.

அக்கா சுளகிலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சொல்லியிருக்கலாம் புள்ள. சொன்னா, கிணத்துக்கு அந்தப் பக்கத்தில அவர் தனியாத்தானே நிண்டிருப்பார்."