வந்த முத்திரை

எனக்கு அப்போது ஒன்பது வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பால்மரம் வெட்டுவார், ரப்பர் பால் எடுக்க மரத்தைக் கீறும் வேலை.

ஒரு பள்ளி லீவில் அப்பா என்னைச் சயாமுக்கு, அதாவது தாய்லாந்துக்கு, கூட்டிப் போனார். அவர் பாஸ்போர்ட்டிலேயே என் பேரும் இருந்தது. எல்லையில் இருக்கும் குரோ வரை பஸ். அங்கே நம்ம சோதனைச் சாவடியிலும் சயாம் சாவடியிலும் முத்திரை குத்திக்கொண்டு, வாடகைக் காரில் பெத்தோங். அம்மாவுக்குப் புலிப் படம் போட்ட கம்பளி வாங்கினார். நம்ம ஊர் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது அப்பாவுக்கு மூளை வேலை செய்தது. சாவடி வழியாகப் போனால் கம்பளிக்கு வரி கேட்பான். ரோட்டோரம் ரப்பர் காடு. மர வரிசையில் நெரை பிடித்து நேராக நடந்தால் அந்தப் பக்கம் நம்ம நாடு. ரப்பர் மரத்தைப் பார்த்தால் அப்பாவுக்குப் பயம் போய்விடும். கம்பளியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால். யாரும் தடுக்கவில்லை.

வீட்டில் அம்மா கம்பளியைப் பிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பிரித்தாள். படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும்.

“போனதுக்கு ரெண்டு முத்திர இருக்கு. வந்த முத்திர எங்க?”

“யாரு பாக்கப் போறா லா.”

“புள்ள பேரும் இதுலதான இருக்கு?”

அம்மா பாஸ்போர்ட்டோடு அவரையும் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி வீட்டுக்கு இழுத்துப் போனாள். கிராணி பார்த்துவிட்டுச் சொன்னார்: “சாவடியில காட்டாம உள்ள வந்தா குத்தம். அபராதம், இல்லாட்டி ஜெயில். ரெண்டும் சேத்தும் குடுப்பான். கவர்மெண்ட் கணக்குல நீயும் ஒம் மகளும் இன்னும் சயாம்லதான்யா இருக்கீங்க.”

எனக்கு அது பிடித்திருந்தது. அன்று சயாமில் இருந்துகொண்டே வீட்டில் சோறு தின்றேன்.

மறுநாள் மூன்று பேரும் முதல் பஸ் ஏறினோம்.

“நாமளே போயி மாட்டிக்கணுமா?” என்றார் அப்பா.

“நீங்க ஜெயிலுக்குப் போனாலும் திரும்பி வருவீங்க. புள்ள பேரு உள்ள வரணும்.”

சாவடி அதிகாரி மலாய்க்காரர். எந்த வழியாக வந்தீர்கள் என்றார். அப்பா வாய் திறக்குமுன் நான் சொன்னேன், ரப்பர் காட்டு வழியாக என்று. அவர் எழுந்து நின்றுவிட்டார். கம்யூனிஸ்டுகள் காட்டில் இருந்த காலம் அது. அங்கே வெடி புதைத்திருக்கிறது, போன மாசம் ஒரு மாடு போய்விட்டது என்றார். அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார்.

நாங்களாகவே வந்ததால் ஜெயில் இல்லை. அபராதம், அதோடு கம்பளிக்கு வரி. பிறகு முத்திரை குத்தினார். சயாம்காரன் கணக்கில் மட்டும் நாங்கள் இன்னும் பெத்தோங்கில்தான் இருக்கிறோம்.

அம்மா அவளுக்குத் தெரிந்த மலாயில் கேட்டாள், பிள்ளையும் உள்ளே வந்தாச்சா என்று. வந்தாச்சு என்றார். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னார். மூன்றாவது தடவை கேட்டதும் அவர் அம்மாவின் அடையாள அட்டையைக் கேட்டார்.

அப்பாவுடையது நீலம். அம்மாவுடையது சிவப்பு.

“எங்க பொறந்தீங்க?”

“தோட்டத்துல.”

“சூரா இருக்கா?”

“பொறந்த கடுதாசி இல்ல.”

அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பாஸ்போர்ட்டைத் திறந்து, ஈரம் காயாத முத்திரையை அம்மாவுக்குக் காட்டினார். அம்மா ஊதிவிட்டு மூடினாள்.

சிவப்பு அட்டை என்றால் இங்கே இருக்கலாம், இந்த நாட்டுக்காரர் இல்லை. அது எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. அன்று நான் நினைத்தது, அம்மாவுக்கு மலாய் சரியாகப் புரியாது என்பதுதான். பஸ்ஸில் ஏறியதும், ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டியே என்று கேலி பண்ணினேன்.

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள்.