டைனமோவிடம் சொன்னது

தியுர் கட்டிய டைனமோ காயில் லேசில் புகையாது என்பது சியாந்தார் ஊர்ப் பெச்சாக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். பெச்சா என்று பக்கத்தில் தொட்டி மாட்டி ஆள் ஏற்றும் அந்தக் கிழட்டு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்களுக்கு விளக்கும் ஹாரனும் போனால் நேராக அவள் பட்டறைக்குத்தான் வருவார்கள். அந்தப் பெயரைக் கள்ளுக்கடையில் உட்கார்ந்து கெடுத்துக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய மாமனார், அவரும் பெச்சாக்காரரான ஜாவுலுங்தான்.

"மருமக காயிலா கட்டியிருக்கா? பன்னிக்கறிப் பொட்டலம் கட்டியிருக்கா!"

கள்ளுக்கடையே சிரித்தது. வருவதாகச் சொல்லியிருந்த இரண்டு டைனமோக்கள் வேறு பட்டறைக்குப் போயின. இன்னும் நாலு போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். வண்டியோடு வரும்படி மாமனாருக்கு ஆளனுப்பினாள் தியுர்.

வந்தார். ஆனால் படாக் இனக் குடும்பங்களில் மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசுவது கிடையாது. நடுவில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் தள்ளும் மாமியார், தேவாலயப் பாட்டுக்குழுவோடு வெளியூருக்குப் போயிருந்தாள். புருஷன் லாரியோடு மேடான் நகரத்தில். ஜாவுலுங் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"டைனமோவே, உன்னக் கட்டுனவங்ககிட்ட சொல்லு. லைட்டு சாகுது. ஹாரன் கொசு மாதிரி முனகுது."

"டைனமோவே, உன் ஓனர வாய மூடிக்கிட்டு வண்டிய உதைக்கச் சொல்லு."

"மரியாதையாப் பேசச் சொல்லு!"

"நான் உங்கிட்டதான பேசறேன் டைனமோ, உனக்கென்ன மரியாதை?"

உதைத்தார். மேக்னெட்டோ வண்டி, பேட்டரி செத்தாலும் எஞ்சின் ஓடும். தியுர் டைனமோ வயர்களைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்கும் வண்டி உடம்புக்கும் நடுவே ஒரு பல்பைப் பிடித்தாள். அவர் முகத்தைத் திருப்பியபடியே ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருக, பல்பு பளிச்சென்று எரிந்தது.

"பன்னிக்கறிப் பொட்டலம் எரியுதா, டைனமோவே?"

டைனமோ சரி; கோளாறு வேறெங்கோ.

சீட்டைத் தூக்கினாள். புதுப் பேட்டரி. கறுப்பு வயர் வண்டி உடம்பில் முறுக்கியிருந்தது. இந்த வண்டிகளில் சிவப்புதான் உடம்புக்குப் போகும்; மாற்றி மாட்டினால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது. ஊரில் எல்லாரையும்விட அது நன்றாகத் தெரிந்தவர் ஜாவுலுங். தொட்டிக்கடியில் கையைவிட்டாள். ஒரு ரேடியோ அகப்பட்டது. கறுப்பு வயர் உடம்பில் இருந்தால் மட்டும் பாடுகிற ஜாதி.

"பாட்டு கேக்கறதுக்கா பேட்டரிய தலைகீழா மாட்டுன, டைனமோவே?"

"டைனமோவுக்கு வயசாச்சு," என்றார் ஜாவுலுங். "பாட்டு இல்லாம ஓட முடியலையாம்."

தியுருக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. வயரை மாற்றினாள், டைனமோவையும் பேட்டரியையும் சேர்க்கும் கட்-அவுட் கருகியிருந்ததை உப்புத்தாளால் தேய்த்தாள், டைனமோவுக்குச் சரியான திசையைச் சொல்லிக்கொடுக்க பேட்டரியிலிருந்து ஒரு வயரால் அதைத் தொட்டு எடுத்தாள். பொறி பறந்தது. எஞ்சின் உறுமியதும் மீட்டர் முள் சார்ஜ் பக்கம் சாய்ந்தது.

"டைனமோவே, இப்ப கள்ளுக்கடைக்குப் போய், கத்துன அதே வாயால உண்மையச் சொல்லணும்."

"டைனமோவுக்குக் கூச்சமா இருக்காம்."

"அப்ப நீ இங்கயே இரு, டைனமோவே." ஸ்பேனரை எடுத்தாள்.

அன்றைக்கே சொன்னார். தனக்கே உரிய முறையில், தப்பெல்லாம் ரேடியோவுடையது என்றும், காயிலில் ஒரு குறையும் இல்லை என்றும், ரேடியோவை மாட்டிய முட்டாள் யாரென்று யாரும் கேட்கக்கூடாது என்றும் சொன்னாராம். போன டைனமோக்களில் ஒன்று திரும்பி வந்தது.

வண்டியில் இனிப் பாடாத ரேடியோ இப்போது தியுரின் பட்டறை அலமாரியில், தனிப் பேட்டரியில் பாடுகிறது. மத்தியானமானால் எதிரே ஒரு பெச்சா பட்டறைக்கு முதுகைக் காட்டி நிற்கும். தியுர் சத்தத்தைக் கூட்டுவாள். சில நாள் ஹாரன் ஒரு தரம் கத்தும். பாட்டு பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவள் ஸ்டேஷனை மாற்றுவாள்.