ஸ்கேனுக்கு ஓர் எண்ணெய்க் குளியல்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டை அம்மா என்னிடம்தான் நீட்டுவாள். அன்றும் தேதியையும் மணியையும் கணீரென்று படித்தேன். கீழே இன்னும் நாலு வரி இருந்தது. "அவ்ளோதானா?" என்றாள் அம்மா. "அவ்ளோதாம்மா" என்றேன். தெரியாது என்று சொல்ல எனக்கு அப்போது வாய் வருமா என்ன!

தம்பிக்கு ஐந்து வயது. அவனுடைய ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும். பிறவியிலேயே வந்த நோய். அந்த நோய் உள்ள பிள்ளைகளுக்குப் பக்கவாதம் வரக்கூடும் என்று, மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தை முன்கூட்டியே பார்க்கும் ஸ்கேனுக்கு எழுதித் தந்திருந்தார்கள். தாம்பரத்தில் எங்களுக்குத் தெரிந்து அந்த மெஷின் இல்லை. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க மூன்று மாதம் ஆனது. அன்றைக்கு லீவு வாங்க, எக்ஸ்போர்ட் கம்பெனி சூப்பர்வைசரிடம் அம்மா கெஞ்சியது தனிக்கதை.

ஸ்கேன் அன்று காலையில் அம்மா அவன் தலைக்கு நல்லெண்ணெய் வைத்து அரைமணி நேரம் தேய்த்தாள். "தலையப் பாக்கப்போறாங்கடி. அழுக்குத் தலையோட இட்டுகினு போனா நம்மள இன்னா நெனப்பாங்க?" வெந்நீர் ஆவியும் சீயக்காய் வாசனையுமாக வீடு தீபாவளியாக இருந்தது.

ரயில் பல்லாவரம் தாண்டுவதற்குள் தம்பி என் மடியில் சாய்ந்துவிட்டான். அந்த நோய் தரும் கால்வலியில் பல நாள் தூக்கம் தொலைத்த பிள்ளை. ஜன்னல் காற்று அவன் முடியை ஆற்றிக்கொண்டே வந்தது. மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் எங்கள் கூடவே வருவதுபோலத் தாழப் பறந்தது. அவனை எழுப்பிக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த ரயில் நிற்காமலே போயிருக்கக் கூடாதா என்று இன்றும் தோன்றுகிறது.

ஸ்கேன் அறையில் அரையிருட்டு, ஏசி குளிர். படுக்க வைத்ததும் மறுபடி தூங்கினான்.

"கொழந்த முழிச்சிருக்கணும்னு சீட்டுலயே போட்டிருக்கே, படிக்கலியாம்மா? தூங்கினா அளவு தப்பா காட்டும்" என்றார் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா. தட்டி எழுப்பினால் வீறிட்டு அழுதான். அழுதாலும் அளவு தப்புமாம். வெளியே வரிசை நின்றது. வேறு தேதி எழுதித் தந்துவிட்டார்கள், இரண்டு மாதம் கழித்து.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள், திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்தத் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. காலையில் தம்பி கையிலிருந்து பால் டம்ளர் நழுவியது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி நழுவியது. வாயை ஒரு பக்கமாகக் கோணினான். எனக்கு அழகு காட்டுகிறான் என்று நினைத்து, நானும் பதிலுக்கு வாயைக் கோணிக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தேன்.